கால் இஞ்ச் ஒப்பந்தம்

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்க்ரூடிரைவர் பிட் செட் ஒன்றை மேசைமேல் கொட்டிப் பாருங்கள். முப்பது, நாற்பது சின்ன இரும்புத் துண்டுகள் உருளும். ஒன்றின் முனை தட்டை. ஒன்று கூட்டல் குறி. ஒன்று சதுரம். ஒன்று ஆறு பட்டை, இன்னொன்று ஆறு இதழ்ப் பூ, அதே பூவின் நடுவில் துளை போட்டது வேறொன்று. எல்லாவற்றுக்கும் வேலை ஒன்றுதான்: ஒரு திருகைச் சுற்ற வேண்டும். ஒரே வேலைக்கு எதற்கய்யா இத்தனை தலைகள்?

இந்தக் கேள்வி எனக்கு வரலாற்றுப் புத்தகத்திலிருந்து வரவில்லை. இந்தத் துண்டுகளை நிற்கவைக்க ஒரு சின்னத் தாங்கியை 3டி பிரிண்டரில் அச்சிடலாம் என்று வடிவமைத்துக்கொண்டிருந்தேன். ஹோல்டர், ஸ்டாண்டு, எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. கணினியில் முதல் கோடு போடுவதற்கு முன் ஒவ்வொரு பிட்டையும் வெர்னியர் காலிப்பரில் அளந்தேன். தலை எப்படி இருந்தாலும் அடிப்பகுதி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆறு பட்டை. எதிரெதிர்ப் பட்டைகளுக்கு நடுவே கால் இஞ்ச். நம்மூர்த் தச்சர் கணக்கில் ரெண்டு நூல். எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும் அதே ரெண்டு நூல்.

தாங்கி செய்கிறவனுக்கு இது நிம்மதியான செய்தி. ஒரே துளையைத் திரும்பத் திரும்பப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் கொஞ்சம் யோசித்தால் விசித்திரமாக இருக்கிறது. தலையில் ஒத்துப்போகாத மனிதர்கள் காலில் மட்டும் எப்படி ஒத்துப்போனார்கள்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. தாங்கியையும் கடைசியில் செய்து முடித்துவிடலாம்.

1. ஜோடி மாறினால் ஏறாது

தமிழில் திருகாணி என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது காது. தோட்டின் பின்னால் விரலாலேயே சுற்றி ஏற்றுகிற திருகு. அதற்குக் கருவி தேவையில்லை. திருகு மரத்துக்குள்ளும் இரும்புக்குள்ளும் தலைவரை புதைய ஆரம்பித்தபோதுதான் அதன் தலையில் ஒரு பள்ளமும், அந்தப் பள்ளத்தில் நுழைய ஒரு திருப்புளியும் தேவைப்பட்டன.

திருகு என்ற வடிவம் மிகப் பழையது. தண்ணீர் இறைக்கும் திருகுக்கு ஆர்க்கிமிடீஸின் பெயர் இருக்கிறது. ரோமானியர்கள் திராட்சையும் ஆலிவும் பிழிய மரத் திருகு வைத்த அழுத்திகளைப் பயன்படுத்தினார்கள். ஆனால் இரண்டு பொருள்களைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோகத் திருகு ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டில்தான் கண்ணில் படுகிறது, அதுவும் கவசங்களிலும் துப்பாக்கிகளிலும். பணக்காரப் பொருள்களில் மட்டும். காரணம் எளிது. ஒவ்வொரு திருகின் புரியையும் ஒரு ஆள் உட்கார்ந்து அரத்தால் ராவி எடுக்க வேண்டும்.

1760இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷயரில் ஜாப் வயட், வில்லியம் வயட் என்ற சகோதரர்கள் மரத்திருகுகளை இயந்திரத்தில் வெட்டும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். நிமிடக் கணக்கில் ஆன வேலை வினாடிக் கணக்குக்கு வந்தது. 1800ஐ ஒட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே, புரியைத் துல்லியமாக வெட்டும் கடைசல் இயந்திரத்தை உருவாக்கினார். அவர் தன் பட்டறையில் வைத்திருந்த மைக்ரோமீட்டருக்கு 'லார்டு சான்சலர்' என்று செல்லப்பெயர். அளவில் தகராறு வந்தால் இறுதித் தீர்ப்பு அதனுடையது.

அந்தத் துல்லியம் வருவதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்பதை, மாட்ஸ்லேயிடம் வேலை பார்த்த ஜேம்ஸ் நாஸ்மித் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதற்கென்று ஒரே ஒரு நட்டு. எது எதற்குச் சொந்தம் என்று இரண்டிலும் அடையாளம் போட்டு வைக்க வேண்டும். ஜோடி மாறினால் ஏறாது. ஒரு இயந்திரத்தைப் பிரித்து, நட்டுகளைக் கலந்து போட்டுவிட்டால் கதை முடிந்தது.

மாட்ஸ்லேயிடம் வேலை கற்ற இன்னொருவர் ஜோசப் விட்வொர்த். அவர் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாட்டின் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்தார். அளந்தார். சராசரி எடுத்தார். புரியின் கோணம் 55 பாகை. இந்தக் குறுக்களவுக்கு ஒரு இஞ்சில் இத்தனை புரி. 1841இல் லண்டனில் சிவில் பொறியாளர் சங்கத்தில் இதை ஒரு கட்டுரையாகப் படித்தார். ரயில்வே கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. நாடே எடுத்துக்கொண்டது. யாருடைய திருகும் ஜெயிக்கவில்லை, எல்லாருடைய திருகுக்கும் நடுவே இருந்த ஒன்று ஜெயித்தது.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. 1864இல் ஃபிலடெல்பியாவின் பிராங்க்ளின் நிறுவனத்தில் வில்லியம் செல்லர்ஸ் எழுந்து, 55 பாகையை அளப்பதும் வெட்டுவதும் கஷ்டம், 60 பாகை போதும் என்றார். சமபக்க முக்கோணத்தின் கோணம் அது. சாதாரணத் தொழிலாளியாலும் சரிபார்க்க முடியும். அமெரிக்கா செல்லர்ஸ் பக்கம் போனது. வித்தியாசம் வெறும் 5 பாகை. ஆனால் இரண்டாம் உலகப் போரில் ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான இன்ஜினை அமெரிக்காவில் பேக்கார்டு கம்பெனி செய்யத் தொடங்கியபோது, பிரிட்டிஷ் புரியை வெட்டும் கருவிகளையே தனியாகச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. கூட்டாளி நாடுகள், ஆனால் ஒருவர் நட்டு இன்னொருவர் போல்ட்டில் ஏறாது. போர் முடிந்தபின், 1948 நவம்பரில், அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒரே புரிக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டன. 60 பாகை நிலைத்தது.

2. தலைக்கனம்

புரி மரத்துக்குள்ளே மறைந்துவிடும். தலை வெளியே தெரியும். அதனாலோ என்னவோ, தலையில்தான் தங்கள் பெயரைப் பொறிக்கப் பலரும் ஆசைப்பட்டார்கள்.

பழைய தட்டைப் பள்ளத்தில் ஒரு தொல்லை உண்டு. திருப்புளி பக்கவாட்டில் வழுக்கும். கனடாவைச் சேர்ந்த விற்பனைப் பிரதிநிதி பி.எல். ராபர்ட்சன், மான்ட்ரியலில் ஒரு திருப்புளியை விற்பதற்காகச் செய்துகாட்டும்போது அது வழுக்கிக் கையைக் கிழித்தது என்பது அவரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அவர் யோசித்து எடுத்தது சதுரப் பள்ளம். பக்கங்கள் லேசாக உள்நோக்கிச் சரியும், அடியில் ஒரு சின்னப் பிரமிடு. திருகைக் கருவியின் நுனியில் குத்திவிட்டால் ஒட்டிக்கொண்டதுபோல் நிற்கும், ஒரு கையாலேயே வேலை பார்க்கலாம். 1909இல் காப்புரிமை. ஒண்டாரியோவின் மில்டன் ஊரில் தொழிற்சாலை. விண்ட்சரில் இருந்த ஃபோர்டு கார்த் தொழிற்சாலை வாடிக்கையாளர் ஆனது.

ஃபோர்டு இந்தத் திருகைத் தானே தயாரிக்க உரிமம் கேட்டதாகவும், ராபர்ட்சன் மறுத்ததாகவும் சொல்கிறார்கள். ஏற்கெனவே இங்கிலாந்தில் உரிமம் கொடுத்துச் சூடு கண்டவர் அவர். பூனை பாலைக் கண்டு பயந்தது. அந்த ஒரு மறுப்போடு சதுரத் தலை பெரும்பாலும் கனடாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. கனடாவில் இன்றும் தச்சர்கள் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். எல்லை தாண்டினால் பலருக்கு அதன் பெயர்கூடத் தெரியாது.

உலகம் முழுக்கப் போனது ஹென்றி ஃபிலிப்ஸின் தலை. நம்மூர்க் கடையில் 'ஸ்டார்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே, அது. ஃபிலிப்ஸ் அமெரிக்காவின் போர்ட்லண்டைச் சேர்ந்த வியாபாரி. ஜான் தாம்ஸன் என்பவர் ஒரு குறுக்குப் பள்ளத் திருகுக்குக் காப்புரிமை வைத்திருந்தார், ஆனால் எந்தக் கம்பெனியும் செய்ய முன்வரவில்லை. ஃபிலிப்ஸ் அந்த உரிமையை வாங்கி மேம்படுத்தினார். 1936இல் அவர் பெயரில் காப்புரிமைகள் வந்தன. அமெரிக்கன் ஸ்க்ரூ கம்பெனி தயாரித்தது, ஜெனரல் மோட்டார்ஸ் காடிலாக் காரில் போட்டது. அவர் யாரிடமும் இல்லை என்று சொல்லவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் காசுக்கு உரிமம் கொடுத்தார். 1940 வாக்கில் அமெரிக்காவின் பெரும்பாலான திருகுக் கம்பெனிகள் அவரிடம் உரிமம் பெற்றிருந்தன.

இரண்டையும் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சதுரம் உறுதியாகப் பிடிக்கும். கூட்டல் குறியோ கொஞ்சம் அழுத்தம் குறைந்தால் நுனியை மேலே தள்ளிவிடும், தலை தேயும். மெக்கானிக் 'ஸ்லிப் ஆயிடுச்சு' என்று சலித்துக்கொள்வது பெரும்பாலும் ஃபிலிப்ஸைப் பார்த்துத்தான். ஃபிலிப்ஸுக்கும் ஒரு நியாயம் உண்டு. அதன் கூம்பு வடிவத்தால் கருவி தானாகவே மையத்துக்கு வந்து உட்காரும். கார் தொழிற்சாலையில் நிமிடத்துக்கு எத்தனை திருகு என்று எண்ணுகிற இடத்தில் அது பெரிய வசதி. இருந்தாலும், இரண்டில் எது உலகத்தைப் பிடித்தது என்பதைத் தீர்மானித்தது பிடிமானம் மட்டும் இல்லை. ஒன்று கதவைச் சாத்தியது, இன்னொன்று கட்டணம் வாங்கிக்கொண்டு திறந்துவிட்டது.

இவர்களுக்கு நடுவில் வில்லியம் ஆலன் என்றொருவர். கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபர்டில் 1910இல் ஆறு பட்டைப் பள்ளம் கொண்ட திருகைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சுழலும் தண்டுகளில் வெளியே துருத்திக்கொண்டிருந்த திருகுத் தலைகள் தொழிலாளிகளின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. தலையே இல்லாமல் உள்ளே புதையும் திருகு உயிரைக் காப்பாற்றும் திருகு. 'ஆலன் கீ' இந்தியப் பட்டறைகளில் வாய் மாறி 'எல்.என். கீ' ஆகிவிட்டது. இன்றும் அந்தப் பெயரில்தான் பலரும் கேட்கிறார்கள். ஒரு மனிதரின் பெயர் இரண்டு இங்கிலீஷ் எழுத்தாகச் சுருங்கிப்போனதில் ஒரு சாந்தி இருப்பதாக எனக்குத் தோன்றும்.

3. திறக்காதே என்று சொல்லும் திருகு

1960களில் பிரிட்டனில் ஃபிலிப்ஸைத் திருத்தி 'போசிடிரைவ்' வந்தது. பார்க்க ஃபிலிப்ஸ் மாதிரியே இருக்கும், நடுவில் நான்கு மெல்லிய கோடுகள் கூடுதல். 1967இல் அமெரிக்காவின் கேம்கார் டெக்ஸ்ட்ரான் கம்பெனி 'டோர்க்ஸ்' என்ற ஆறு இதழ்த் தலையை உருவாக்கியது. இதழ்களின் சுவர் செங்குத்தாக நிற்பதால் நுனி மேலே தள்ளப்படாது. இதுவரை எல்லாம் 'நன்றாகச் சுற்ற வேண்டும்' என்ற நோக்கத்தில் வந்தவை.

அதற்குப் பிறகு வந்த சில தலைகளின் நோக்கமே வேறு. டோர்க்ஸின் நடுவில் ஒரு குமிழை நட்டால், சாதாரண டோர்க்ஸ் பிட் உள்ளே போகாது, நடுவில் துளையிட்ட பிட்தான் வேண்டும். பொது இடங்களில் யாரும் கழற்றிக்கொண்டு போகாமல் இருக்க அது சரிதான். வீட்டுப் பொருளில் வந்தால்? ஆப்பிள் 2009இல் மேக்புக் புரோ மடிக்கணினியின் பேட்டரியைப் பிடித்துவைக்க ஐந்து இதழ்த் திருகைக் கொண்டுவந்தது. அடுத்து ஐபோன் 4. அந்தத் திருப்புளி அப்போது கடைகளில் இல்லை. பழுதுபார்ப்பு வழிகாட்டிகளை வெளியிடும் ஐஃபிக்ஸிட் 2011இல் ஒரு பொட்டலம் விற்றது. ஐந்து இதழ்த் திருப்புளி ஒன்று, கழற்றியபின் பதிலுக்குப் போட சாதாரண ஃபிலிப்ஸ் திருகு இரண்டு.

ஆக, முப்பது பிட்கள் கொண்ட பெட்டி என்பது கருவிப்பெட்டி மட்டும் கிடையாது. நூறு வருஷத்துச் சண்டைகளின் பட்டியல். ஒருவர் கொடுக்க மறுத்தது, ஒருவர் கட்டணத்துக்குக் கொடுத்தது, ஒருவர் திருத்தியது, ஒருவர் பூட்டியது. ஒவ்வொரு முடிவுக்கும் நீங்களும் நானும் ஒரு பிட் கூடுதலாக வாங்குகிறோம்.

4. பெயரில்லாத கால்

இனி காலுக்கு வருவோம். தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது இந்த இடத்தில் வசதி. பிட்டின் கால், கால் இஞ்ச்.

தலை ஒன்றாக இருந்தவரை திருப்புளியும் முழுசாக ஒரே துண்டு. கைப்பிடி, தண்டு, நுனி மூன்றும் சேர்ந்து. தலைகள் பெருகியபோது ஒவ்வொன்றுக்கும் முழுத் திருப்புளி வாங்குவது கட்டுபடியாகாது. மின்சாரம் வந்தது. 1917இல் பிளாக் அண்ட் டெக்கர் துப்பாக்கிப் பிடியும் விசையும் வைத்த கை ட்ரில்லுக்குக் காப்புரிமை பெற்றது. 1961இல் அதே கம்பெனி பேட்டரியில் ஓடும் ட்ரில்லைக் கொண்டுவந்தது. மோட்டார் சுற்றும்போது நுனி சீக்கிரம் தேயும். தேய்ந்த நுனியை மட்டும் பிடுங்கி எறிந்துவிட்டு வேறொன்றைச் செருக வேண்டும். அப்போது எல்லாத் தலைக்கும் பொதுவாக ஒரு கால் தேவைப்பட்டது.

வட்டத் தண்டு பிடியில் வழுக்கும். சதுரத்தைச் செருகச் சரியான திசை நான்குதான். ஆறு பட்டைக்கு ஆறு திசை, வழுக்கலும் இல்லை. ஆறு பட்டைக் கம்பியாகவே எஃகு இழுத்து வருகிறது. துண்டு துண்டாக நறுக்கி ஒரு முனையைத் தலையாக மாற்றினால் மற்ற முனை தானாகவே காலாகிவிடும். அளவு கால் இஞ்ச். 1959இல் ஒரு இஞ்ச் என்பது துல்லியமாக 25.4 மி.மீ. என்று இங்கிலீஷ் பேசும் நாடுகள் ஒப்புக்கொண்டதால், கால் இஞ்ச் என்பது மிகச் சரியாக 6.35 மி.மீ. சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 1173 இந்த அளவை '6.3' என்று மெட்ரிக் உடுப்புப் போட்டு எழுதுகிறது. உள்ளே இருப்பது அதே பழைய ரெண்டு நூல்தான். மில்லிமீட்டரில் மூச்சுவிடும் ஜெர்மனியும் ஜப்பானும் இந்தக் காலை இஞ்சிலேயே விட்டுவைத்திருக்கின்றன.

ராபர்ட்சன் தலை, ஃபிலிப்ஸ் தலை, ஆலன் தலை என்பதுபோல் இந்தக் காலுக்கு யார் பெயரும் ஒட்டவில்லை. எல்லாரும் அதன்மேல்தான் நிற்கிறார்கள். எங்கே வேறுபட்டால் லாபமோ அங்கே வேறுபட்டார்கள். எங்கே வேறுபட்டால் யாருமே வாங்க மாட்டார்களோ அங்கே ஒத்துப்போனார்கள். இது மகா நல்லெண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் நாம் புழங்கும் உலகத்தில் பாதி இந்த மாதிரி ஒத்துப்போதல்களால்தான் ஓடுகிறது.

5. தவளை, கிண்ணம், கவ்வி

இந்தப் பிட்களுக்கு வீட்டு மேசையில் ஒரு தாங்கியை அச்சிட முடிகிறது என்பதற்குப் பின்னாலும் இதே கதை இருக்கிறது. நடிகர்கள் மட்டும் வேறு.

1983இல் அமெரிக்காவில் சக் ஹல், புற ஊதா ஒளி பட்டால் இறுகும் திரவத்தை அடுக்கடுக்காக இறுகவைத்து ஒரு பொருளைச் செய்தார். கண் கழுவப் பயன்படும் சின்னக் கிண்ணம். 1986இல் காப்புரிமை கிடைத்தது. 1988இல் ஸ்காட் கிரம்ப் தன் மகளுக்கு விளையாட்டுத் தவளை செய்ய, சூடான பசைத் துப்பாக்கியில் பிளாஸ்டிக்கையும் மெழுகையும் போட்டு அடுக்கடுக்காக ஊற்றினார். அந்தத் தவளையிலிருந்துதான் இன்று நம் மேசையில் இருக்கும் வகை பிரிண்டர் வந்தது. 1989இல் விண்ணப்பித்த காப்புரிமை 1992இல் கிடைத்தது. அவர் தொடங்கிய ஸ்ட்ராடசிஸ் கம்பெனியின் இயந்திரங்களைப் பெரிய நிறுவனங்கள் மட்டுமே வாங்க முடியும்.

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் வேறொரு திசையில் யோசித்தார். தன் உதிரிப் பாகங்களைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் பிரிண்டர் ஒன்று இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒன்றின் வரைபடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால்? 2005இல் 'ரெப்ராப்' திட்டம் தொடங்கியது. முதல் இயந்திரத்துக்கு டார்வின் என்று பெயர். 2008 மே 29ஆம் தேதி, டார்வின் அச்சிட்ட பாகங்களால் பூட்டிய குட்டி இயந்திரம், சில நிமிஷங்களிலேயே பேரக்குட்டிக்கான முதல் பாகத்தை அச்சிட்டது.

அதற்கு ஒரு மாதம் முந்தைய குறிப்பு ஒன்று எனக்கு இன்னும் பிடிக்கும். ரெப்ராப் அச்சிட்ட பாகங்களில், இயந்திரத்துக்கு வெளியே ஒருவருக்குப் பயன்பட்ட முதல் பொருளாகப் பெரும்பாலும் சொல்லப்படுவது, ஃபோர்டு ஃபியஸ்டா காரின் முன்பலகையில் ஐபாடைப் பிடித்துவைக்கும் ஒரு கவ்வி. உலகத்தையே மாற்றப்போகிற இயந்திரம் என்றார்கள். அது செய்து கொடுத்தது ஒரு ஹோல்டர்! எனக்கு இதில் கேலி தெரியவில்லை. கடையில் கிடைக்காத, ஒரே ஒருவருக்கு மட்டும் வேண்டிய பிடிமானத்தை வேறு எந்தத் தொழிற்சாலை செய்து தரும்?

2009இல் கிரம்பின் காப்புரிமை காலாவதியானது. அதே வருஷம் நியூயார்க்கின் புரூக்ளினில் மேக்கர்பாட் கம்பெனி, ரெப்ராப்பின் வழியில், வரைபடங்களைத் திறந்துவைத்து மலிவான பிரிண்டர்களை விற்கத் தொடங்கியது. 2012இல் தன் புதிய இயந்திரத்தின் வரைபடங்களை வெளியிடுவதை நிறுத்தியது. 2013இல் சுமார் 40 கோடி டாலர் மதிப்புக்கு அதை வாங்கியது யார் தெரியுமா? ஸ்ட்ராடசிஸ். கதவைச் சாத்துவதும் திறப்பதும் திரும்பவும் அதே மாதிரி. ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம். போயர் விட்டுக்கொடுத்தது ஏற்கெனவே ஊரெல்லாம் பரவிவிட்டது. சாத்துவதற்கு ஒரே கதவு இல்லை.

6. கணக்கு 19 என்றது, விரல் 14 என்றது

சரி, தாங்கி.

ஆறு பட்டைத் துண்டுகளை நெருக்கி அடுக்க யோசிக்கவே வேண்டாம். தேனடை. சம பரப்புள்ள அறைகளாகத் தளத்தைப் பிரிக்க மிகக் குறைந்த சுவர் செலவாவது அறுகோணத்தில்தான் என்பதை ரோமானியர் வாரோ கி.மு. முதல் நூற்றாண்டிலேயே பேசியிருக்கிறார். கணிதமாக நிரூபிக்க 1999வரை ஆனது. நிரூபித்தவர் தாமஸ் ஹேல்ஸ்.

முதலில் துளையின் அளவு. 6.35 மி.மீ. காலுக்கு 6.35 மி.மீ. துளை வரைந்தால் பிட் நுழையாது. உருகிய பிளாஸ்டிக் உள்பக்கமாகக் கொஞ்சம் பிதுங்கும், துளை வரைந்ததைவிடச் சின்னதாக வரும். எவ்வளவு என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும். அதனால் 6.4, 6.5, 6.6, 6.7, 6.8 என்று ஐந்து துளை வைத்த ஒரு பட்டையை முதலில் அச்சிட்டேன். என் இயந்திரத்தில் 6.6 சரியாக அமைந்தது. அழுத்தினால் போகிறது, தலைகீழாகப் பிடித்தால் விழவில்லை. பல பட்டறைப் போல்ட்டுகளை அளந்த விட்வொர்த்தின் வேலையை ஒரே மேசையில் செய்த மாதிரி.

சுவர் 1.2 மி.மீ. என்றால், 0.4 மி.மீ. முனையால் மூன்று ஓட்டம். நடுவில் ஒன்று, சுற்றி 6, அதைச் சுற்றி 12. மொத்தம் 19 பிட்கள். அகலம் 40.2 மி.மீ. வருகிறது. கணக்கு அற்புதம். ஆனால் காலுக்கும் காலுக்கும் நடுவே இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. நடுவில் இருக்கும் பிட்டை விரலால் எப்படி எடுப்பது? தேனீ தன் அறையைப் பிடுங்கி எடுக்க வேண்டியதில்லை; நமக்கு அதுதான் வேலையே.

ஒரு வழி, பிட்களைத் தலைகீழாக வைப்பது. கால் மேலே. காந்தம் வைத்த கைப்பிடியைக் காலின்மேல் வைத்து எடுத்தால் விரலே வேண்டாம். ஆனால் எல்லாக் காலும் ஒன்றுபோல் இருக்கும். எது ஃபிலிப்ஸ், எது டோர்க்ஸ் என்று தெரியாது. நாம் தேடுவது தலையை. அதனால் தலை மேலேதான் இருக்க வேண்டும். துளைகளின் மையங்களை 10 மி.மீ. தள்ளிவைத்தேன். 4, 3, 4, 3 என்று நான்கு வரிசை. பின்வரிசை முன்வரிசையைவிட 4 மி.மீ. உயரம், சினிமா கொட்டகை மாதிரி. 25 மி.மீ. பிட்டில் 12 உள்ளே, 13 வெளியே. துளையின் வாயில் சின்னச் சரிவு, கண்ணால் பார்க்காமலே செருகலாம். அகலம் 39 மி.மீ.

பத்தொன்பது பதினாலாகக் குறைந்தது. அப்போதுதான் சங்கடமான கேள்வி வருகிறது. எந்தப் பதினாலு? தட்டை இரண்டு, ஃபிலிப்ஸ் மூன்று, ஆலன் மூன்று, டோர்க்ஸ் மூன்று, நடுவில் துளையிட்ட டோர்க்ஸ் ஒன்று, போசிடிரைவ் ஒன்று. மிச்சம் ஒரே துளை. நம்மூரில் ராபர்ட்சன் திருகைப் பார்ப்பதே அபூர்வம். இருந்தாலும் அந்த இடத்தை அவருக்குத்தான் கொடுத்தேன். ஐந்து இதழ் பிட் வரவே முடியாது. அந்தச் சின்னஞ்சிறு பிட்களுக்குப் பெரும்பாலும் கால் 4 மி.மீ., அவை வேறு உலகம்.

39 மி.மீ. அகலம் தற்செயல் கிடையாது. 2022இல் ஸாக் ஃப்ரீட்மன் என்ற யூடியூபர் 'கிரிட்ஃபினிட்டி' என்றொரு முறையை வெளியிட்டார். மேசை இழுப்பறையில் 42 மி.மீ. சதுரக் கட்டங்கள், எந்தப் பெட்டியும் தாங்கியும் அந்தக் கட்டத்தில் வந்து உட்காரும். யாரும் எடுத்து மாற்றலாம் என்று எம்.ஐ.டி. உரிமத்தில் விட்டார். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் அந்த அளவுக்குத் தாங்கிகள் வரைந்துகொண்டிருக்கிறார்கள். ஏன் 42? அவர் அப்படித் தேர்ந்தெடுத்தார், அவ்வளவுதான். 40ஆகவோ 45ஆகவோ இருந்திருந்தாலும் வேலை நடந்திருக்கும். விட்வொர்த்தின் 55 பாகையும் அந்த ரகம்தான். ஒரு எண் புனிதமாவது அதன் கணிதத்தால் அல்ல, அடுத்தவரும் அதையே வைத்துக்கொள்வதால்.

பிளாஸ்டிக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பி.எல்.ஏ. அச்சிடச் சுலபம், ஆனால் 60 பாகை செல்சியஸை ஒட்டி இளகிவிடும். சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் தாங்கி வளைந்து படுத்துவிடும். பைக், கார் பெட்டியில் வைப்பவர்கள் பி.இ.டி.ஜி.யில் அச்சிடுங்கள்.

கோப்பை நான் ஓபன்ஸ்கேட் மென்பொருளில் எழுதினேன். அதில் வடிவத்தைக் கோடாக வரைவதில்லை, எண்களாக எழுதுகிறோம். அதனால் முதல் சில வரிகளில் மாற்ற வேண்டியதெல்லாம் வரிசையாக இருக்கும்: துளையின் அகலம் 6.6, ஆழம் 12, மையத்துக்கு மையம் 10, வரிசைக்கு உயரம் 4. உங்கள் பிரிண்டருக்கு 6.5 பொருந்தலாம். உங்கள் விரல் என் விரலைவிடத் தடிமனாக இருக்கலாம், அப்போது 10ஐ 11 ஆக்குங்கள். செல்போன் பழுதுபார்க்கிறவர் 6.6ஐ அழித்துவிட்டு 4.2 என்று போட்டுப் பார்க்கட்டும். கேட்க வேண்டியதில்லை.